ஏழு வீட்டு ஈரம்

ஆரோக்கியத்துறை என்ற கடற்கரை ஊரில் ஏழு வீட்டுத் துணிகள் மாதக்கணக்கில் காயவே இல்லை. பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை அது தொடங்கியது. மணலில் கால் வைக்க முடியாத வெயில், கருவாட்டுப் பாயில் ஈகூட வந்து உட்காராத வெயில். அந்த வெயிலில் முந்தின நாள் துவைத்துப் போட்ட சட்டையும் சாரமும் சேலையும் பள்ளிக்கூடப் பாவாடையும் அப்போதுதான் வாளியிலிருந்து எடுத்துப் போட்ட மாதிரி சொட்டிக்கொண்டிருந்தன. நடுநடுவே இருந்த வீடுகளின் கொடிகளில் துணி அப்பளம் போலக் காய்ந்து விறைத்துக் கிடக்க, இந்த ஏழு வீட்டில் மட்டும் கொடிக்குக் கீழே மணல் கறுத்துக் குழி விழுந்தது. குழியில் தேங்கியதைக் கோழிகள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு போயின. தண்ணீர் உப்புக் கரித்தது.

முதல் நாள், யாரோ வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றியதாக நினைத்து அடுத்த தெருவோடு சண்டை போட்டார்கள். இரண்டாம் நாள் சோப்பை மாற்றினார்கள். மூன்றாம் நாள் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுத் தேய்த்தார்கள். பெட்டி சீறி, ஆவி எழுந்து கூரை ஓட்டைத் தொட்டது, கரி சாம்பலாகும்வரை தேய்த்தும் சட்டை ஈரமாகவே இருந்தது. பங்குச் சாமியார் வந்து ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தார். தெளித்த தீர்த்தம் எது, ஏற்கெனவே இருந்த தண்ணீர் எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் காற்றில் இருக்கும் ஈரப்பதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, தன்னுடைய கைக்குட்டையை எடுத்து, அந்த ஏழு வீட்டுக்காரிகளில் ஒருத்தியான கொர்னேலியாளின் சின்ன மகளிடம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் அது அவள் கையில் நனைந்து தொங்கியது. வாத்தியார் அதை வாங்கிப் பிழிந்து பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கொர்னேலியாள் வீட்டுக்கு அடுத்த வீடு தையல்காரி எமரன்சியுடையது. அவளுக்குக் காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் தன் கொடியில் எல்லாம் காய்ந்து கிடப்பதையும், அந்தப் பக்கம் சொட்டுவதையும் பார்த்தாள். பிறகு தெருவின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிவரை நடந்து, சொட்டுகிற வீடுகளை விரல்விட்டு எண்ணினாள். ஏழாவது விரலை மடக்கியதும் எண்ணிக்கை முடிந்தது. திரும்பி வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள் பதினொரு நாள் யாரிடமும், புருஷன் தொபியாஸிடம்கூட, ஒன்றும் சொல்லவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத்தில், காற்று திரும்பிய நாளில் இரண்டு வள்ளங்களில் போன ஏழு பேர் கரைக்கு வரவில்லை. எட்டாவது ஆளாகப் போயிருக்க வேண்டியவன் தொபியாஸ். பல்வலியில் கன்னம் வீங்கிப் படுத்திருந்ததால் பிழைத்தான். உடல் ஒன்றும் கிடைக்கவில்லை. அரசாங்கம் கொடுத்த காகிதத்தில் ‘காணாமல் போனவர்’ என்றிருந்தது. உடல் இல்லாததால் கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை, கல்லறையில் குழி தோண்டவில்லை, ஏழு பெண்களும் தாலியைக் கழற்றவில்லை. ஒரு வருஷம் கழித்து ஒருத்தி புருஷனுடைய சட்டையை மகனுக்கு அளவு சுருக்கித் தரச் சொல்லி எமரன்சியிடம் கொண்டுவந்தாள். கத்திரியை எடுத்து இரண்டு நாள் சட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்த எமரன்சி அதை வெட்டாமல் ஒரு பழைய போர்வைமேல் விரித்து, அதைக் கடலாக்கி, அந்த மனுஷன் வழக்கமாக வலை போடும் இடத்தையும் அங்கிருந்து பார்த்தால் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் துண்டுத் துணிகளால் ஒட்டித் தைத்தாள். அதைப் பார்த்துவிட்டு அடுத்தவள் வந்தாள், அதற்கடுத்தவள் வந்தாள். இரண்டு வருஷத்தில் ஏழு துணிப்படங்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரம். எமரன்சி தேடிக்கொண்ட ஆறுதல் அது. தன் ஆள் வீட்டில் உயிரோடு இருமிக்கொண்டிருக்கையில் அவள் தெருவில் நிமிர்ந்து நடக்க அந்தத் தையல்தான் அவளுக்குக் கிடைத்த அனுமதி.

சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து படங்களைப் பார்த்தாள். பிறகு, ஐரோப்பாவில் ஒரு துறைமுக நகரத்தில் கண்காட்சி நடக்கிறது, கடலில் தொலைந்தவர்களைப் பற்றியது, இவற்றை அனுப்ப முடியுமா என்று கேட்டாள். பெண்கள் தயங்கினார்கள். அதிகம் தயங்கியவள் கொர்னேலியாள். அவள் கொடுத்திருந்தது சட்டை மட்டுமில்லை, அவள் புருஷன் தார்சிஸ் அன்று விடியலில் இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன சாரம். துவைக்காமல், அவன் வாடையோடு தகரப்பெட்டியில் வைத்திருந்தது.

“திரும்பி வரும்லாட்டி?” என்று கேட்டாள்.

“வரும் மைனி,” என்றாள் எமரன்சி. “நான் பொறுப்பு.”

போனது. ஒரு பெரிய வெள்ளைச் சுவரில் ஏழும் தொங்குவதும், வெள்ளைக்காரர்கள் கை கட்டி நின்று பார்ப்பதும் செல்போனில் படமாக வந்தன. ஊர் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தது. கண்காட்சி முடிந்து மரப்பெட்டியில் அடைத்து ஆணி அடித்துக் கப்பலில் ஏற்றியதாகத் தகவல் வந்தது. அதற்குப் பிறகு பெட்டி வரவேண்டிய நாளில் வரவில்லை. கப்பல் கம்பெனியின் இணையப் பக்கத்தில் பெட்டியின் எண்ணை அடித்துப் பார்த்தால் ‘வழியில்’ என்று ஒரே சொல் வந்தது. அடுத்த வாரமும் அதே சொல். சென்னைப் பெண் போனில் அழுதாள், பிறகு குறைவாக அழைத்தாள், பிறகு அழைக்கவில்லை. துணி நனைந்த செவ்வாய்க்கிழமை, பெட்டி தூத்துக்குடியில் இறங்கியிருக்க வேண்டிய நாளுக்கு மறுநாள்.

பதினோராவது நாள் கொர்னேலியாளே வந்து வாசலில் நின்றாள், முந்தானையிலிருந்து படியில் சொட்டியது. உள்ளே வந்தால் மெஷின் நனையும் என்று வெளியிலேயே நின்றுகொண்டாள். “நீ ஏன் எங்க பக்கம் பாக்காமப் போறேன்னு இன்னைக்குத்தான் வெளங்குச்சு,” என்றாள். “நம்ம ஆளுக துணி கடல்ல கெடக்கு. அப்படித்தானே?” எமரன்சி தலையை ஆட்டினாள்.

அன்றைக்கு மாலை ஊர் முழுவதற்கும் அது தெரிந்தது. தெரிந்த பிறகு ஈரத்தைப் பற்றி யாரும் பயப்படவில்லை; செய்வினை என்று சொன்னவர்கள் சொன்னதை விழுங்கினார்கள். ஒரு வீட்டில் சாவு என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்யத் தொடங்கினார்கள், ஆனால் அது பதினாறு நாளில் முடியாத சாவாக இருந்ததால் செய்ததெல்லாம் பழக்கமாகிவிட்டது. பேருந்து நடத்துனர் கடைசி இருக்கையில் யூரியா சாக்கை விரித்துப்போட்டு, அது அவர்களுக்கு என்றார். பள்ளிக்கூடத்துத் தலைமைச் சகோதரி அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்து, அவர்கள் நோட்டை மட்டும் பேனாவில் இல்லாமல் பென்சிலில் எழுத விட்டார். கோயிலில் இடது பக்க முதல் வரிசை அவர்களுக்கு ஆனது. திருப்பலி முடிந்து அவர்கள் எழுந்து போனபின் தரையில் நிற்கிற தண்ணீரைத் துடைக்க ஆள் போட்டார்கள், கொஞ்ச நாளில் அந்தத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைக்கவும் சிலர் பழகினார்கள். குழந்தைகளின் தொடையில் புண் வந்தது, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு நாள் வந்தார்கள். கேமராவில் எடுத்தால் வெறும் ஈரத்துணியாகத்தான் தெரிந்தது, போய்விட்டார்கள்.

ரெஜினாள் என்பவளின் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண் சொட்டச் சொட்டப் பட்டுச்சேலையில் வந்து தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள், இந்த ஈரம் எங்கள் வீட்டுக்கும் வருமா என்று. தெரியாது என்றாள் ரெஜினாள். அந்த நேர்மைக்காகவே அவர்கள் பெண்ணை எடுத்தார்கள். கல்யாணமாகிப் போன மூன்றாம் நாள் அந்த வீட்டில் பெண்ணின் சேலை காய்ந்தது. அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பாவைத் தொலைத்துவிட்டேன் அம்மா என்று அழுதாள்.

ஈரம் செய்தியும் கொண்டுவந்தது. கடலில் நாற்பது வருஷம் இருந்த வியாகுலம் என்ற கிழவன் ஒரு நாள் கொர்னேலியாள் வீட்டுக் கொடியில் தொங்கிய சேலையின் நுனியைப் பிழிந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது நம்ம கடல் இல்லை என்றான். ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது, பிழிந்தால் பொடிக் கறுப்பு மணல் வந்தது. ரெஜினாள் வீட்டுத் துணியில் டீசல் வாடை அடித்தது. இன்னொரு வீட்டில் பச்சைப் பாசி ஒட்டியது, இன்னொன்றில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஆண்கள் வீடு வீடாகப் போய் நக்கிப் பார்த்து, கரையில் உட்கார்ந்து நாள் கணக்கில் தர்க்கம் பண்ணி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஏழு வீட்டிலும் ஏழு தண்ணீர். பெட்டி உடைந்துவிட்டது. படங்கள் தனித்தனியாக, தனித்தனிக் கடல்களில் போய்க்கொண்டிருக்கின்றன.

எமரன்சியும் கொர்னேலியாளும் ஏழு பாட்டிலில் ஏழு தண்ணீரைப் பிடித்து, மூடியில் பெயர் எழுதி ஒட்டி, தூத்துக்குடியில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கு எடுத்துப்போனார்கள். அங்கே இசக்கியப்பன் என்ற அதிகாரி இருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அந்தக் கப்பலிலிருந்து ஒரு பெட்டிகூடக் கடலில் விழவில்லை என்று காகிதத்தைக் காட்டினார். பெட்டி எந்தத் துறைமுகத்திலும் இறங்கவுமில்லை என்று இன்னொரு காகிதத்தைக் காட்டினார். மூன்றாவது காகிதத்தில், பெட்டிக்குள் இருப்பது என்ன என்று கேட்ட இடத்தில், யாரோ அவசரத்தில் ‘பழைய துணி’ என்று எழுதியிருந்தார்கள். அது என்ன என்று கொர்னேலியாள் எமரன்சியிடம் கேட்டாள். எமரன்சி படித்துச் சொன்னாள்.

“அம்மா, விழுந்துட்டுன்னா அத எழுத எனக்கு ஒரு கட்டம் இருக்கு,” என்றார் இசக்கியப்பன். “கெடச்சுட்டுன்னா அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு. ஒங்க பெட்டிக்கு எந்தக் கட்டமும் இல்ல.”

மாதம் ஒரு திங்கட்கிழமை அவர்கள் போனார்கள். அவர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பிவைப்பார், ‘வழியில்’ என்றிருக்கும். பாட்டில்கள் அவருடைய ஜன்னலில் வரிசையாக இருக்கும்.

இதற்கிடையில் எமரன்சிக்குத் தன் கொடியைப் பார்க்கவே கூசியது. அவள் துணி காய்ந்தது, தொபியாஸின் சட்டை மொடமொடவென்று காய்ந்தது. அவள் தெருவில் நடந்தால் பாவாடை சரசரத்தது, அந்தச் சத்தம் தெருவின் இரண்டு பக்கமும் கேட்கும்போல இருந்தது. ஒரு காலையில் வெளியே கிளம்புமுன் சேலையை வாளியில் முக்கிப் பிழிந்து கட்டிக்கொண்டாள். மறுநாளும் செய்தாள். வாளியில் ஒரு கைப்பிடி உப்பையும் போட்டாள். தொபியாஸ் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் தன் சட்டையை அதே வாளியில் முக்கினான். இரண்டு மாதம் இருவரும் அப்படியே நடமாடினார்கள். ஊர் அவர்களையும் ஈர வீட்டுக்காரர்களாக எண்ணிக்கொண்டு பேருந்தில் கடைசி இருக்கைக்கு நகர்ந்து இடம் கொடுத்தது.

ஒருநாள் கோயிலில் பக்கத்தில் நின்ற கொர்னேலியாள் எமரன்சியின் முந்தானையைப் பிடித்து விரலில் தேய்த்து நாக்கில் வைத்தாள்.

“கல்லுப்பு,” என்றாள்.

எமரன்சி குனிந்துகொண்டாள்.

“நீ நனச்சுக்கிட்டா அது தண்ணி, எமரன்சி. எங்களுக்கு அது ஆளு. அத வெளாட்டா ஆக்காத.” கோபத்தில் சொன்னதாகவும் தெரியவில்லை. அப்படியே திரும்பிப் பீடத்தைப் பார்த்து நின்றாள். எமரன்சி வீட்டுக்கு வந்து சேலையை வெயிலில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் அது காய்ந்தது, உப்புக் கோடுகள் வெள்ளையாகத் தெரிந்தன. அன்று அவள் சோறு பொங்கவில்லை.

ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். அன்று இசக்கியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சொன்னார், கேரளத்தில் ஒரு துறைமுகத்துக் கிடங்கில் யாரும் கேட்டு வராத மரப்பெட்டி ஒன்று கிடக்கிறது, அளவு ஒத்துப்போகிறது, உள்ளே துணி என்று போட்டிருக்கிறது. கொர்னேலியாள் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியின் கீழே தண்ணீர் தேங்கியதை அன்று அவர்கூடக் கவனிக்கவில்லை. மறுநாளே ரயிலில் போனார்கள். கொர்னேலியாள் நின்றுகொண்டேதான் வந்தாள், உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சங்கடம் என்றாள். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. சாரத்தை வைத்துக் கொண்டுவர ஒரு பாலித்தீன் பை, அவள் ஈரம் அதன்மேல் படக்கூடாது என்பதற்காக.

கிடங்குக்காரர் கடப்பாரையால் பலகையைப் பெயர்த்தார். உள்ளே அவர்கள் துணி இல்லை. அகல அகலமான வெள்ளைத் துணிகள், நூற்றுக்கணக்கில், ஒன்றின்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் ஒரு வரி தைத்திருந்தது. எந்த நாட்டு எழுத்து என்று தெரியவில்லை, கிடங்குக்காரருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு துணியிலும் கையெழுத்து வேறு வேறாக இருந்தது, சிலதில் தையல் நடுங்கியிருந்தது, சிலது குழந்தை தைத்த மாதிரி கோணலாக இருந்தது, ஒன்றில் பாதி வரியோடு நூல் நின்றிருந்தது. பேர்களாகத்தான் இருக்கும் என்றாள் எமரன்சி. அவளுக்கு அந்த எழுத்துத் தெரியாவிட்டாலும், ஒரு பேரைத் தைக்கும்போது கை எங்கே நிற்கும் என்பது தெரியும். கொர்னேலியாள் பத்தடி தள்ளி, தன் மேலிருந்து ஒரு சொட்டும் அதில் படாத தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு உள்ளவங்க எங்கயோ தேடிட்டிருப்பாங்க,” என்றாள்.

முகவரித் தாளைக் கேட்டார்கள். நனைந்து அழிந்துவிட்டது என்றார் கிடங்குக்காரர். இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். கெடு முடிந்தால் எரிப்பதுதான் முறை என்றார். இவர்கள் எடுத்துப்போகலாமா என்று எமரன்சி கேட்டாள். உங்களுடையது என்று காட்ட எதுவும் இருக்கிறதா என்றார். இல்லை. அவர் பலகையைத் திரும்ப வைத்து ஆணி அடித்தார். ஊர் வந்து சேர்ந்த பிறகும் அந்த இரவு முழுக்க எமரன்சியின் காதில் ஆணி அடிக்கும் சத்தம் இருந்தது.

அடுத்த மாதம் ரெஜினாள் வீட்டுத் துணி காய்ந்தது. காலையில் கொடியைத் தொட்டுப் பார்த்தவள் சேலையை உருவிக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினாள், கிடைத்துவிட்டது, யாரோ கரையில் எடுத்துவிட்டார்கள் என்று. ஊர் கூடியது. அவள் வாசலில் பாயசம் வைத்தார்கள். எமரன்சி தூத்துக்குடிக்குப் போன் போட்டாள். இசக்கியப்பன் பார்த்துவிட்டு, ‘வழியில்’ என்றுதான் இருக்கிறது என்றார். இருக்கட்டும், எடுத்தவர்கள் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றார்கள். ஒரு மாதம் காத்திருந்தார்கள், எங்கிருந்தும் யாரும் சொல்லவில்லை. அதற்குள் இன்னொரு வீடு காய்ந்தது. கடைசி இரண்டு மூன்று நாளில் சொட்டுவது குறைந்து, தண்ணீரில் நூல் பிசிறுகள் வந்தன, பிறகு நிறம் வந்தது, பிறகு ஒன்றுமில்லை. வியாகுலம் அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து வீட்டுக்குப் போனான். கரைந்து போச்சு என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாவது வீடு காய்ந்தபோது யாரும் பாயசம் வைக்கவில்லை.

ஐந்து மாதத்தில் ஆறு வீடு காய்ந்தது. கம்பெனியிலிருந்து, தேடுதல் முடித்துக்கொள்ளப்படுகிறது என்று கடிதம் வந்தது. அதில் இசக்கியப்பனின் கையெழுத்துக்குக் கீழே, மன்னிக்கவும் என்று பேனாவில் எழுதியிருந்தது.

ஏழாவதாகக் கொர்னேலியாள் வீடு மட்டும் ஈரமாக இருந்தது. அப்போது ஒரு காரியம் நடந்தது. ரெஜினாள் ஒருநாள் தன் துவைத்த சேலையை எடுத்துக்கொண்டு வந்து, மைனி, உங்க கொடியில கொஞ்ச நேரம் போட்டுக்கிடட்டா என்று கேட்டாள். கொர்னேலியாள் நகர்ந்து வழி விட்டாள். அந்தக் கொடியில் போட்டதும் ரெஜினாளின் சேலை நனைந்து சொட்டியது. அது தார்சிஸின் தண்ணீர், குளிர்ந்தது, கறுப்பு மணலோடு. டீசல் வாடை இல்லை. ரெஜினாளுக்கும் அது தெரியும். தெரிந்தும் முகத்தை அதில் வைத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் இன்னொருத்தி வந்தாள். ஒரு வருஷமாகப் புண்ணும் சளியும் நாற்றமும் என்று புலம்பிக்கொண்டிருந்த பெண்கள் இப்போது காலை வேலை முடிந்ததும் ஆளுக்கொரு துணியோடு வந்து கொர்னேலியாளின் கொடியில் இடம் பிடித்து, சொட்டுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எமரன்சி வேலிக்கு இந்தப் பக்கம் மெஷினை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணி இருக்கும், கொடியில் தொங்கிய ஏழு துணியும் சொட்டுவதை நிறுத்தின. யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நுனிகள் வெளுத்தன. கடல் பக்கமிருந்து காற்று வந்தது, கொர்னேலியாளின் சேலை மெல்ல உப்பி, மேலே எழும்பிப் பறந்தது, பக்கத்துச் சேலைகளும் பறந்தன.

கொர்னேலியாள் எழுந்து சேலையை இழுத்து மடித்து உள்ளே வைத்தாள். வேலிப் பக்கம் வந்து, “என்கூட வாட்டி,” என்றாள். எமரன்சி செருப்பைத் தேடாமல் போனாள். இருவரும் கோயிலுக்குப் போனார்கள். உபதேசியார் அலுவலகத்தில் விசிறிக்கொண்டிருந்தார். என் ஆளுக்கு மணி அடிக்கணும் என்றாள் கொர்னேலியாள். அவர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, இறந்தோர் பதிவேட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, பேர் எழுதினார், தகப்பன் பேர் எழுதினார், வயதைக் கேட்டு எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அந்தக் கார்த்திகை மாதத்துத் தேதி அவருக்கே ஞாபகம் இருந்தது, இருந்தாலும் கேட்டார்.

“எறந்த நாள் என்னன்னு போட?”

“இன்னைக்கு,” என்றாள் கொர்னேலியாள்.

அவர் எழுதினார். உடல் இல்லாததால் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எமரன்சி போட்டாள். அந்த வாரத்தில் மற்ற ஆறு பேரும் வந்தார்கள், ஒவ்வொருத்தியும் தன் கொடி காய்ந்த நாளைச் சொன்னாள். ஒரே காற்றில் போன ஏழு பேர் ஆறு மாதத்தில் ஏழு வெவ்வேறு நாளில் செத்ததாக அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. ஏழுக்கும் கீழே எமரன்சியின் கையெழுத்து இருக்கிறது. முதல் இரண்டும் திருத்தமாக, பிறகு வருவதெல்லாம் போகப்போகச் சின்னதாக.